பனிச்செருப்பும் எங்கள் மலைத்தடமும்



சோளக்காட்டுக்காரனுக்கும் பனிக்கட்டிக்கும் என்னடா சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கொல்லிமலையிலும் பனி உண்டு. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர் ஆயிற்றே! மார்கழி, தை மாதங்களில் காலை ஏழு மணிக்குப் பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் எங்கள் பனி காலை நனைக்கும், அவ்வளவுதான். புல் நுனியில் நிற்பதையும் பனி என்கிறோம், மலையை மூடுவதையும் பனி என்கிறோம், இமயத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதையும் அதே பேரால்தான் சொல்கிறோம். அந்த மூன்றாவது பனி காலை விழுங்குகிற பனி.

போன செமஸ்டரில் ஒரு ராத்திரி ஹாஸ்டலில் நண்பன் ஒருவன் போனில் வீடியோ காட்டினான். பின்லாந்து நாட்டுக் காடு. தரை, மரம், வானம் எல்லாமே வெள்ளை. அதில் ஒருவர் இரண்டு காலிலும் எதையோ அகலமாகக் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போகிறார். "என்னடா இது, முறத்தைக் கால்ல கட்டிக்கிட்டுப் போறான்?" என்று ரூமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது முறம் இல்லை, நாம் தினமும் படிக்கிற ஃபுட்டிங்!

சிவில் நண்பர்களுக்கு உடனே புரிந்திருக்கும். மற்ற பிரிவு நண்பர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. என் எடை 54 கிலோ. என் பாதம் சுமார் 25 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். ஆகப் பரப்பு 200 சதுர செ.மீ. நடக்கும்போது ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். அதாவது ஒவ்வொரு சதுர செ.மீ. இடத்திலும் 270 கிராம் பாரம். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி வெறும் காற்றுதான். அது எப்படித் தாங்கும்? முழங்கால் வரை, சில இடத்தில் இடுப்பு வரை உள்ளே போய்விடும். இப்போது காலில் 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலமுள்ள பனிச்செருப்பைக் கட்டுங்கள். பரப்பு 1200 சதுர செ.மீ. பாரம் 45 கிராமாகக் குறைந்துவிடுகிறது. ஆறில் ஒரு பங்கு! ஆள் அதே ஆள், எடை அதே எடை. தூணை நேராக மண்ணில் நட்டால் இறங்கும் என்றுதானே கீழே அகலமாக ஃபுட்டிங் போடுகிறோம்? அதே சங்கதிதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்தக் காலேஜிலும் படித்தவர்கள் இல்லை. வட அமெரிக்காவின் கிரீ முதலான பழங்குடி மக்கள் மரத்தை வளைத்துச் சட்டமாக்கி, நடுவில் தோல் வாரால் நம் கயிற்றுக் கட்டில் மாதிரி பின்னிக் காலில் கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போனார்கள். இப்போது அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். அடியில் வழுக்காமல் இருக்க முள் வைக்கிறார்கள். ஆனால் தத்துவம் அந்தப் பழைய தத்துவம்தான். முன்பாதத்தை மட்டும் கட்டி, குதிகாலைத் தூக்கும்படி விட்டிருப்பார்கள். அப்போதுதான் நடை வரும்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓடையோரத்து நெல் வயல்களில் சேறு ஆழமாக இருக்கும். என் அப்பா அங்கே வாழைமட்டைகளைக் குறுக்கே பரப்பிவிட்டு, தலையில் மிளகு மூட்டையோடு அதன்மேல் மிதித்துக் கடப்பார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். 'பேரிங் கெபாசிட்டி' என்ற வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. போன விடுமுறையில் அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "இதுக்கா மூணு வருஷம் படிக்கிறே?" என்றார்!

சரி, செருப்பு இருந்தால் போதுமா? போதாது. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பின்லாந்து நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு காலத்தில் சதுப்பு. பாசி செத்து, மக்காமல், நூற்றாண்டுக் கணக்கில் படிந்து படிந்து உண்டான நிலம். கோடையில் அதைக் கடக்க வேண்டுமென்றால் பலகை போட்ட பாதையில்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் உறைந்துவிடுவதால் மேலேயே நடக்கலாம். ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. பனி ஒரு கம்பளி மாதிரி; குளிரைக் கீழே விடாது. பனி தடிமனாக மூடிய இடத்தில், ஊற்றுக்கண் இருக்கிற இடத்தில், அடியில் தண்ணீர் உறையாமலே இருக்கும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. எது கெட்டித் தரை, எது பொய்த் தரை என்று புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் அங்கே நடைபாதைகளுக்கு அடையாளம் வைக்கிறார்கள். மரங்களில் குறி, வெட்டவெளியில் கம்பு. ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்பைப் பார்த்து நடந்தால் வீடு போய்ச் சேரலாம்.

அது ஏதோ அயல்நாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். சியாச்சினில் 1984 முதல் நம் ராணுவ வீரர்கள் பனியில்தான் நிற்கிறார்கள். பனிக்கு அடியில் மறைந்திருக்கும் வெடிப்பில் விழாமலிருக்க ஒருவரோடு ஒருவர் கயிற்றால் கட்டிக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 வீரர்களை இழந்தோம். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. பனி நமக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். கொல்லிமலை என்றதும் எல்லோரும் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைத்தான் சொல்வார்கள். பஸ்ஸில் வந்து, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேலான படி இறங்கி ஏறி, கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் இந்த ரோடும் படியும் வருவதற்கு முன்பே மலை முழுக்க ஒற்றையடித் தடங்கள் இருந்தன. எங்கள் குடியிருப்பிலிருந்து சோளக்காட்டுச் சந்தைக்கு அப்படி ஒரு தடம் உண்டு. நாலு கிலோமீட்டர் இருக்கும். பலாப்பழமும் வாழைத்தாரும் மிளகும் தலைச்சுமையாக அதில்தான் வந்தன. நானும் அதில்தான் வந்தேன் என்று சொல்லலாம்!

என் அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தது ஒரு தை மாத ராத்திரி. கட்டிலைக் கவிழ்த்து, கம்பு கட்டி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குக் கிளம்பினார்களாம். டார்ச் அடித்தால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி முகத்திலேயே விழுகிறது. வழி தெரியவில்லை. அப்போது என் ஆயா, "வெளக்க அணைங்கடா, எம் பின்னால வாங்க" என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாராம். பாறை எங்கே, வேர் எங்கே, வழி பிரிகிற இடம் எங்கே என்று அவருடைய பாதத்துக்குத் தெரியும். விடிவதற்குள் ரோட்டுக்கு வந்து வண்டி ஏற்றிவிட்டார்கள். அம்மாவும் பிழைத்தார், நானும் பிழைத்தேன். இன்று உங்களுக்குக் கட்டுரை எழுதுகிறேன்.

பகலில் போகும்போது ஆயா அடையாளமும் வைப்பார். வழி பிரிகிற இடத்தில் தழையை ஒடித்துப் போட்டு அதன்மேல் ஒரு கல். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துத் திரும்புவார்கள். பின்லாந்துக்காரர் கம்பு நடுகிறார், எங்கள் ஆயா தழை போடுகிறார். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: "நான் போய்விட்டேன், நீயும் பத்திரமாக வா."

இப்போது எங்கள் குடியிருப்புக்கு வேறு பக்கமாக ரோடு வந்துவிட்டது. நல்லதுதான். ரோடு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கட்டிலில் தூக்கிப் போன வேதனை தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் தடத்தில் உண்ணிச்செடி மண்டிவிட்டது. ஆயாவுக்கு மூட்டு வலி, நடக்க முடியவில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் எந்த வழியாக வெளியே வருவது? என் வயதுப் பையன்களுக்குப் பாதித் தடம்தான் தெரியும். என் தம்பி வயதுக்காரர்களுக்கு அதுவும் தெரியாது.

வழி தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2018 மார்ச் 11 நமக்குச் சொன்னது. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நம்மைப் போல இளவயதுக்காரர்கள் பலர். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, அனுமதி பெற்று வழிகாட்டியோடு போகும்படி ஒரு திட்டத்தையும் தொடங்கியது. வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றவர்களில் மலைவாழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். காட்டின் வழியை அறிந்திருப்பதும் ஒரு படிப்பு என்று இப்போதாவது ஒப்புக்கொண்டார்களே!

போன மே மாத விடுமுறையில் நானும் என் தம்பியும் அந்தத் தடத்தை அளந்தோம். ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாயால் வழி சொல்லுவார், நாங்கள் போய்ப் பார்த்து வருவோம். சர்வே வகுப்பில் படித்தபடி அடி எண்ணி, திசை குறித்து, ஃபீல்ட் புக் போட்டோம். மொத்தம் 11 இடத்தில் வழி பிரிகிறது. மூன்று இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும். எல்லாவற்றையும் ஒரு படத்தாளில் வரைந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருக்கிறேன். ஆயாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. கோட்டின்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கதானே நாகமரம்?" என்றார். சரியாக அங்கேதான் இருந்தது.

நண்பர்களே, பனியில் கூட்டமாக நடப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவருக்குத்தான் கஷ்டம் அதிகம். பனிச்செருப்பு போட்டிருந்தாலும் புதுப்பனியை மிதித்து அமுக்கி அவர்தான் தடம் போட வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு அமுங்கிய தடம் கிடைக்கும், சுலபமாக வருவார்கள். முன்னவர் களைத்ததும் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, அடுத்தவர் முன்னால் வருவார். "முன் ஏர் போன வழியே பின் ஏர்" என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான்.

நம்மில் பலர் வீட்டிலே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அப்ளிகேஷன் நிரப்பச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. ஸ்காலர்ஷிப்புக்கு எந்தச் சான்றிதழ், எந்த ஆபீஸ் என்று தெரியாது. ட்ராயிங் ஹாலில் எந்தப் பென்சிலை எடுப்பது என்பதுகூடப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பளவு இறங்குகிறோம். அது நம்முடைய பலவீனம் இல்லை. முன்னால் நடக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் கடந்து வந்ததோடு கடமை முடியவில்லை. வழி பிரிகிற இடத்தில் ஒரு தழையை ஒடித்துப் போட வேண்டும். அடுத்த ஜூனில் முதலாண்டு தம்பி தங்கைகள் பெட்டியோடு வந்து கேட்டில் விழித்துக்கொண்டு நிற்பார்கள். "எந்த ஊருப்பா? வா, ஆபீஸ் இந்தப் பக்கம்" என்று கூட நடந்து போய்க் காட்டுங்கள்.