வாடைக்கு என்ன வண்ணம்?

தமிழ்ப்பள்ளியில் எனக்கு 'ஓவியப் பிள்ளை' என்று பெயர். பொங்கல் விழாவா, பரிசளிப்பு விழாவா, மண்டபத்துப் பதாகையில் மயிலும் கரும்பும் வரைய ஆசிரியர்கள் என்னைத்தான் தேடுவார்கள். எங்கள் ஊர் பாசிர் கூடாங். 1995-இல் உலகப் பட்ட விழா தொடங்கிய ஊர். ஒரு குன்றுக்கே 'புக்கிட் லாயாங்-லாயாங்' என்று பெயர். பட்டத்துக்கென்று ஓர் அருங்காட்சியகமும் உண்டு. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது 'வாவ்' பட்டம் வரைந்து வண்ணம் தீட்டாமல் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளியை முடித்துவிட முடியாது.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பட்டம் போய்ப் பூமி வந்தது. சுற்றுச்சூழல் சுவரொட்டிப் போட்டி என்றால் எப்படி வரைய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டு கைகள், நடுவில் பூமி உருண்டை, ஒரு பாதி பச்சை, மறு பாதி கறுப்பு, கறுப்புப் பக்கத்தில் நான்கு புகைபோக்கிகள், பூமியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர். நண்பர்களே, இந்தப் படத்தை நீங்களும் ஒரு முறையாவது வரைந்திருப்பீர்கள், மறுக்காதீர்கள்! நான் ஆறு முறை வரைந்திருக்கிறேன். மூன்று முறை பரிசும் வாங்கியிருக்கிறேன்.

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7-ஆம் நாள், வியாழக்கிழமை. நான் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். கிம் கிம் ஆற்றில் யாரோ லோரியில் கொண்டுவந்து இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டார்கள் என்றும், பாசிர் பூத்தே பக்கத்துப் பள்ளிகளில் மாணவர்கள் மயங்கி விழுகிறார்கள் என்றும் அன்று புலனத்தில் செய்தி வந்தது. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. விடுமுறையில் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால், கழிவை ஆற்றிலிருந்து அகற்றி முடிவதற்குள் திங்கட்கிழமை இரண்டாம் அலை வந்தது. இந்த முறை எங்கள் வகுப்பறைக்குள்ளும் வந்தது.

அந்த வாடையை எப்படிச் சொல்வது? சமையல் கேஸ் கசிந்தது போல இருந்தது; மறு நிமிடம் ரப்பர் எரிந்தது போல இருந்தது; பிறகு மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் மட்டும் எரிந்தது. ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா என்று ஆசிரியைக்கே தெரியவில்லை. என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி, பாலர் பள்ளியிலிருந்து என்னோடு படித்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அடுத்து வாந்தி எடுத்தாள். நானும் இன்னொருத்தியும் அவளைக் கைத்தாங்கலாக மண்டபத்துக்கு இட்டுச் சென்றோம். அங்கே ஏற்கெனவே பதினைந்து பேருக்கு மேல் தரையில் படுத்திருந்தார்கள்.

13-ஆம் தேதி வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. மொத்தத்தில் 2,775 பேர் மருத்துவமனையை நாட வேண்டியதாயிற்று. ஜூன் மாத இறுதியில் மறுபடியும் வாடை வந்தது. அப்போது 475 பள்ளிகள் மூன்று நாள்கள் மூடப்பட்டன.

முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா காலணியைக் கழற்றிக்கொண்டே, "அப்படியா? எனக்கு ஒன்னும் வித்தியாசமா தெரியலியே ஆயி" என்றார். அப்பா தொழிற்பேட்டையில் குத்தகைத் தொழிலாளி. தொட்டிகளைக் கழுவும் வேலை. அவர் சொன்னது கேலியில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அன்று பயமாக இருந்தது.

அதே ஆண்டு பின்பாதியில் மீண்டும் ஒரு சுவரொட்டிப் போட்டி. நான் என்ன வரைந்திருப்பேன் என்று ஊகித்திருப்பீர்கள். அதே பூமி, அதே கைகள், அதே கண்ணீர். இரண்டாம் பரிசு கிடைத்தது. பள்ளி நடைகூடத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தைத் தோழி நின்று பார்த்தாள்.

"பூமி அழகா இருக்கு. இதுல நான் எங்கடி இருக்கேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதற்குப் பிறகு எஸ்.பி.எம். முடியும் வரையில் நான் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. படிப்பு அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் 'கலையும் சமுதாயமும்' என்பது பற்றி ஓர் இடுபணி. ஓவியர் யாரையாவது எழுதலாம் என்று தேடப் போன இடத்தில் ஒரு புகைப்படக்காரர் கிடைத்தார். மு. பழனிகுமார். மதுரை ஜவகர்லால்புரத்தைச் சேர்ந்தவர். மீன் விற்ற தாயின் மகன். 2013-இல் தம் முதல் கேமராவை வாங்கியவர். மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' என்னும் இணைய ஆவணக் காப்பகத்தில் பணியாற்றுபவர். தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022-இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே.

நான் முதலில் பார்த்தது இராமநாதபுரம் பாரதிநகர்ப் பெண்களின் படங்கள். கடலுக்குள் மூழ்கிப் பாசி பறிப்பது அவர்கள் தொழில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு நீருக்கடியில் பாறையைப் பற்றியிருக்கிறார்கள். கடல் மாறிவருவதால் பாசி குறைந்துவருவதையும் அந்தப் படக்கட்டுரை சொல்கிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய படம்தான் அது. ஆனால் பூமி உருண்டை எங்குமே இல்லை! விரல்கள்தாம் இருந்தன.

அடுத்து எண்ணூருக்கு வந்தேன். வடசென்னையில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர். துறைமுகம், அனல்மின் நிலையங்கள், எண்ணெய் ஆலை, அவற்றின் நடுவில் மீனவக் குடியிருப்புகள். பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால் எங்கள் ஊர் என்றே சொல்லியிருப்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து அங்கே படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு ஒரு குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். இதைப் படித்தபோது எங்கள் பள்ளி மண்டபத்துத் தரைதான் என் கண்முன் வந்தது. பழனிகுமார் வடசென்னை மக்களைத் தொடர்ந்து படமெடுத்து வருவதோடு, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலையும் கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கும் வைக்கிறார். என்னை அதிகம் உறுத்தியது இதுதான். எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த வாடையைச் சுவாசித்தோம். எங்களில் எத்தனை பேர் அதை வரைந்தோம்?

கலையோடு போராட்டத்தைச் சேர்ப்பது என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, 2022 அக்டோபரில் இலண்டனில் இளையோர் இருவர் வான்கோவின் 'சூரியகாந்தி' ஓவியத்தின் மீது தக்காளி சூப்பை ஊற்றிய சம்பவம்தான். கண்ணாடி இருந்ததால் ஓவியம் தப்பித்தது. அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இன்னொருவர் வரைந்த படத்தின் மீது சூப் ஊற்றுவதைவிட, நம் படத்தை நாமே வரைவது கடினமான வேலை என்பது என் கருத்து. ஓவியப் பிள்ளை வேறு எப்படிச் சொல்வாள் என்று நீங்கள் கேட்கலாம்.

நம் ஜொகூரிலேயே ஒரு சுவரோவியம் பெரும் பரபரப்பை உண்டாக்கியது பலருக்கு நினைவிருக்கும். பினாங்குச் சுவரோவியங்களால் புகழ்பெற்ற லித்துவேனியர் எர்னஸ்ட் சக்கரேவிச், 2013 நவம்பரில் தாமான் மோலேக்கில் ஒரு சுவர் மூலையில் வரைந்தார். ஒரு பக்கம் கைப்பையோடு வரும் லெகோ பொம்மைப் பெண். மறு பக்கம் கத்தியோடு காத்திருக்கும் லெகோ திருடன். அவ்வளவுதான். மாநகர் மன்றம் அதை வெள்ளையடித்து மறைத்துவிட்டது. அதற்குள் படம் உலகெங்கும் பரவிவிட்டது வேறு கதை. பிற்பாடு 2018-இல் அதே ஓவியர் சுமாத்திராவில் செம்பனை மரங்களை வெட்டி, வானிலிருந்து பார்த்தால் 'எஸ்.ஓ.எஸ்.' என்று தெரியும்படி தோட்டத்தையே எழுத்தாக்கினார். அந்த நிலத்தைக் காடாக மீட்பதுதான் நோக்கம். தோட்டத்து வரிசைகளிலேயே பிறந்து வளர்ந்த என் பாட்டியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "யாரு வெட்டுனா? கூலி கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

போன தவணை விடுமுறையில் வீட்டில் இருந்தேன். தமிழ்மொழிக் கழக ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் தருவதாகச் சொல்லிவிட்டு, ஒரு கோடு கூடப் போடாமல் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு கொடிகள். நீளமான கொடியில் எங்கள் எல்லாருடைய துணியும். வேலியோரம் உள்ள சின்னக் கொடியில் அப்பாவின் வேலைச் சட்டையும் கால்சட்டையும் மட்டும். அவற்றுக்குத் தனி வாளி, தனி தூரிகை. மற்றத் துணியோடு இயந்திரத்தில் போடவே மாட்டார். நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். அதனால்தான் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஏம்மா தனியா போடுறீங்க?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"வாடை ஒட்டிக்கும்ல" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

உள்ளேயிருந்து பாட்டி சேர்ந்துகொண்டார். தாத்தாவின் மரம் சீவும் சட்டையையும் அவர் அப்படித்தான் வீட்டுக்குப் பின்னால் தனியாகப் போடுவாராம். ஒட்டுப்பால் வாடை எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாதாம்.

அன்று மாலையே வரையத் தொடங்கினேன். இரண்டு கொடிகள், ஒரு வேலி, ஒரு வாளி. சட்டையின் மார்பில் நிறுவனத்தின் சின்னம் தைத்திருக்கும். அதையும் விடாமல் வரைந்தேன். மூன்றாம் நாள் இரவு அப்பா படத்தைப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை.

"இத எங்கம்மா மாட்டப் போற?"

"யூனிவர்சிட்டியிலப்பா."

"யாரெல்லாம் பார்ப்பாங்க?"

"எல்லாரும்தான்."

"அந்தச் சின்னத்த மட்டும் அழிச்சிரு ஆயி. நம்ம பொழப்பு அதுலதான் ஓடுது. உன் படிப்பும்."

சுவரோவியத்துக்கு வெள்ளையடித்த செய்தியைப் படித்துக் கோபப்பட்டவள்தான் நான். என் படத்துக்கு வெள்ளையடிக்க மாநகர் மன்றம் வரவேண்டியிருக்கவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. சின்னம் இருந்தால்தான் படம் முழு உண்மை என்று ஒரு மனம் சொன்னது. அந்த உண்மைக்கு விலை கொடுக்கப்போவது நீயா, அப்பாவா என்று இன்னொரு மனம் கேட்டது. பாசி பறிக்கும் பெண்களைப் படம் எடுத்தவரும் ஒவ்வொரு முறையும் அவர்களிடம் இதைக் கேட்டிருக்கத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எழுந்து சின்னத்தை அழித்தேன். அதன்மேல் வண்ணம் பூசி மறைக்க மட்டும் மனம் வரவில்லை. காகிதத்தின் வெள்ளையை அந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டேன்.

கண்காட்சியில் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் படத்தருகே குனிந்து பார்த்து, "தங்கச்சி, இந்த இடத்துக்குக் கலர் அடிக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே, நேரமில்லை என்று பொய் சொன்னேன்.

படத்தைக் கைப்பேசியில் பிடித்துத் தோழிக்கும் அனுப்பினேன். அவள் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். நாள்தோறும் பாலம் கடந்து போய் வருகிறாள். மறுநாள்தான் பதில் வந்தது. "எங்கம்மாவும் இப்படித்தான் போடுவாங்க. ஆனா எங்களுக்குத் தனி வாளி இல்லடி."

கடைசி நாளன்று அம்மாவும் அப்பாவும் பாசிர் கூடாங்கிலிருந்து பேருந்தில் வந்தார்கள். அப்பா கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். படத்தின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளையாக விட்ட இடத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கொடி ஏன் இப்படித் தொங்குது?" என்றார் கடைசியில். "நான் நல்லா இழுத்துத்தானே கட்டினேன்."