ரசப்பொடிக்கு ஒரு பெயர்

கதாபாத்திரங்களுக்குப் பெயர் வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் பிள்ளைக்கும் வீட்டுக்கும் பெயர் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. ரசப்பொடிக்காக வந்தவர் எதிர்வீட்டு மாமி ஒருவர்தான்.

மாமா காலமான பிறகு ரசப்பொடியும் ஊறுகாயும் விற்று மகளைக் காலேஜில் படிக்க வைத்தவர் அவர். பொட்டலத்தின்மேல் பச்சை எழுத்தில் ‘சுத்தமான ரசப்பொடி’ என்று மட்டும் போட்டிருப்பார். இப்போது அதே பச்சை எழுத்தில், அதே வாசகத்தோடு வேறு யாரோ பொட்டலம் போட்டுவிட்டார்கள். அதை வாங்கிப்போன ஒரு வீட்டம்மாள் மாமியிடமே வந்து, “பழைய கைமணம் இல்லையே?” என்றாளாம். பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் அவரைச் சுட்டிருந்தது.

“இந்தப் பேரை ரிஜிஸ்தர் பண்ணிட்டா அவன் வாலைச் சுருட்டிண்டு போயிடமாட்டானா, அம்பி?”

போகமாட்டான். ‘சுத்தமான ரசப்பொடி’ என்பது பெயரல்ல, வர்ணனை. சரக்கின் குணத்தையோ தரத்தையோ மட்டும் சொல்லும் வார்த்தையை 1999-ஆம் வருஷத்து டிரேட் மார்க் சட்டம் லேசில் ஒருவருக்கே பட்டா போட்டுக் கொடுக்காது. நாளைக்கு இன்னொருத்தி சுத்தமாக அரைத்தால் அதை என்னவென்று சொல்லி விற்பாள்? நெடுநாள் வழங்கி, அந்த வார்த்தை ஒருவர் சரக்கையே குறிப்பதாக ஜனங்கள் மனதில் ஊன்றிவிட்டால் விலக்கு உண்டு. ரிஜிஸ்தர் செய்யாமலே, நம் சரக்கென்று நினைக்கும்படி விற்றவன்மேல் வழக்கும் போடலாம். இரண்டுக்கும் ரசீது, விளம்பரம் என்று சாட்சியம் வேண்டும். மாமியிடம் இருந்தது ஒரு கோடு போட்ட நோட்டு.

“அப்போ ‘ராமாயணம்’னு வைக்கட்டுமா?”

ஊதுவத்திக்கு அந்தப் பெயரைக் கேட்டவருக்கு 2015-இல் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. புனித நூலின் பெயர் எந்த வியாபாரிக்கும் தனிச் சொத்தல்ல. இன்னொருவர் பெயரைச் சற்றே திருகி வைப்பதும் உதவாது. ‘அமிர்ததாரா’வுக்கும் ‘லக்ஷ்மண்தாரா’வுக்கும் நடந்த வழக்கில், 1962-இல், அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண மனிதன் குழம்புவானா என்றுதான் அதே கோர்ட்டு பார்த்தது. அந்த மனிதனை எனக்கு நன்றாகத் தெரியும். என் ஒரு நாவலின் கதாநாயகியை இன்னொரு நாவலில் தேடுகிறவர் அவர்தானே!

மாமியைச் சிறுவயதில் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். “குஞ்சலம்” என்று வெட்கப்பட்டார். “ஜடைக் குஞ்சலத்துக்கும் ரசத்துக்கும் என்னடா சம்பந்தம்?”

சம்பந்தம் இல்லாததுதான் அதன் பலம் என்றேன். பழைய வாசகத்தை எடுக்க அவருக்கு மனமில்லை. ‘குஞ்சலம்’ பெரிதாகவும் அது கீழே சிறிதாகவும் இருக்கட்டும் என்று ஒப்பந்தமாயிற்று.

அதே போன்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடிப் பார்த்தோம். உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பொடி 30-இல் வருகிறது. ஊறுகாய், ஏனோ, 29-இல். வகுப்புக்கு வகுப்பு தனிக் கட்டணம். தனிநபர் இணையத்தில் மனுச் செய்தால் ஒன்றுக்கு 4,500 ரூபாய். மாமி பெருமூச்சு விட்டு, முதலில் பொடிக்கு மட்டும் என்றார். சென்னையில் காரியாலயம் கிண்டியில் இருக்கிறது. அதிகாரி பரிசீலித்து ஆட்சேபம் எழுப்பினால் பதில் சொல்ல வேண்டும். பிறகு பெயரைத் தங்கள் ஜர்னலில் வெளியிடுவார்கள். நாலு மாதம் வரை யாரும் எதிர்க்கலாம். தப்பினால் சர்ட்டிபிகேட். மனுச் செய்த தேதியிலிருந்து 10 வருஷம் செல்லும்; பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

அதுவரை ‘டி.எம்.’ என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ மட்டும் கூடாது. ரிஜிஸ்தர் ஆகாமல் ஆனதாகச் சொல்வது சட்டவிரோதம். நேற்று அச்சாபீஸில் மாமியின் குரல் தெருவரை கேட்டது. அழகுக்காக அந்த வட்டத்தைப் போட்டுவிட்டானாம் பையன்.