எந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி?

போன மாதம் கோடை விடுமுறைக்குக் கம்பம் வந்த என் பேரன், செல்போனில் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தவன், திடீரென்று தலையைத் தூக்கி, "தாத்தா, நீங்க துப்பாக்கி லைசென்ஸ் செக்‌ஷன்ல வேலை பார்த்தீங்களாமே! எந்தத் துப்பாக்கி பெஸ்ட்? ரைஃபிளா, ரிவால்வரா?" என்று கேட்டான். பன்னிரண்டு வயதுப் பையன். 9 மி.மீ., 7.62 என்று அளவுகளையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறான். அன்று அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நான் வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் பதினோரு வருஷம் ஆயுத லைசென்ஸ் கோப்புகளைக் கையாண்டிருக்கிறேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம்.

என் அப்பா புதுச்சேரியில் மில் வேலை பார்த்தவர். அதனால் என் படிப்பு பிரெஞ்சு மீடியம். அந்த ஊர் 1954இல் கைமாறி, 1962இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் பள்ளியில் பிரெஞ்சுதான் ஓடியது. பிறகு குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பியது. நான் சர்வீஸ் கமிஷன் தேர்வு எழுதி இளநிலை உதவியாளர் ஆனேன். இங்கிலீஷில் குறிப்பு எழுதவே தடுமாறியவனிடம் துப்பாக்கி ரெஜிஸ்டரைக் கொடுத்தார்கள். '.315 போர்', '12 போர்', '.32 போர்' என்று வரிசையாக இருந்தது. மீட்டரும் சென்டிமீட்டருமாகப் படித்து வளர்ந்த எனக்கு இந்தப் புள்ளிக் கணக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது பள்ளியில் எங்கள் முசியே சொன்னது ஞாபகம் வந்தது. 'காலிபர்' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்தது, அச்சு வார்க்கும் 'காலிப்' என்பதுதான் மூலம் என்பார். சரி, குழலின் அகலம்தானே என்று, அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடியின் அடியில் வைத்துக்கொண்டேன். .22 என்றால் 5.6 மி.மீ. .315 என்றால் 8 மி.மீ. .32 என்றால் 8.1 மி.மீ. .375 என்றால் 9.5 மி.மீ. 12 போர் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. ஹெட் கிளார்க்தான் சொல்லிக் கொடுத்தார். குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும். அதனால் 12. 16 போர் என்றால் குண்டு சிறியது, குழலும் சிறியது. எண் கூடக்கூடக் குழல் குறுகும். 12 போரின் அகலம் 18.5 மி.மீ.

என் தாளில் ஒன்று உறுத்தியது. .315 ரைஃபிளும் .32 ரிவால்வரும் ஏறத்தாழ ஒரே அகலம். அப்படியானால் ஒரே பலமா? இல்லை. ரைஃபிள் தோட்டாவில் மருந்து மிக அதிகம், குண்டும் இரண்டு மடங்குக்கு மேல் கனம். தாக்கும் விசை ஏறத்தாழ இருபது மடங்கு. அகலத்தை மட்டும் வைத்துத் துப்பாக்கியை எடை போடக்கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் துப்பாக்கி கேட்டு வந்தவர்கள் மூன்று வகை. பயிர்க் காவலுக்குக் கேட்கும் விவசாயி, பழைய வேட்டைத் துப்பாக்கியைப் புதுப்பிக்க வரும் எஸ்டேட்காரர், தற்காப்புக்குக் கேட்கும் வியாபாரி.

விவசாயிக்கு 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. பயிர்க் காவலுக்கு, குழல் வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் இடிக்கிற நாட்டுத் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உள்ளே வரி இல்லாத வழவழப்பான துப்பாக்கி, அதாவது நம் 12 போர். ரைஃபிள், ரிவால்வர் கேட்டால் 'நல்ல காரணம்' காட்ட வேண்டும். ராணுவத்தின் .303, 7.62, 9 மி.மீ. தோட்டாக்களை ஏற்கும் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகை. சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. .315 ரைஃபிள் நம் ஊரில் இவ்வளவு பரவியதற்கும் அதுதான் காரணம். அதில் ராணுவத் தோட்டா நுழையாது.

சட்டம் 12 போரைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் உண்டு. எஸ்.ஜி. என்ற தோட்டாவில் பெரிய பட்டாணி அளவு ரவைகள், அவுன்ஸுக்கு எட்டு. எல்.ஜி.யில் இன்னும் பெரியது, அவுன்ஸுக்கு ஆறு. நாற்பது கெஜத்துக்குள்தான் அதற்கு வேலை. .315 குண்டு குறி தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நின்று பாருங்கள். பக்கத்தில் இன்னொரு தோட்டம், அதை ஒட்டி மோட்டார் கொட்டகை, அங்கே காவலுக்குப் படுத்திருக்கும் ஆள். இருட்டில் ரைஃபிள் சுட இது இடமா?

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பயிர்க் காவல் லைசென்ஸ் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான். காட்டுப்பன்றியைச் சுடுவதற்கு வனத்துறை அனுமதி தனி. ஆகவே நம் விவசாயிகள் பெரும்பாலும் வானத்தைப் பார்த்து வெடித்துச் சத்தம்தான் காட்டினார்கள். "ஒரு வாரம் பயப்படும் சார், அப்புறம் சத்தம் கேட்டா, கடலை விளைஞ்சிருச்சுன்னு தெரிஞ்சு வந்துரும்" என்றார் ஒருவர். குமுளிக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022 முதல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவு போடலாம். லைசென்ஸ் வைத்திருப்பவரைக் கொண்டு சுடுவார்கள். இந்தப் பக்கம் 2025இல் வந்த உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடும். காட்டை ஒட்டிய நிலத்துக்காரனுக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை.

அடுத்து வேட்டை. மேகமலை, அதாவது எங்கள் வாயில் ஹைவேவிஸ், அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர் லைசென்ஸைப் புதுப்பிக்க வருவார். .375 பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். காட்டெருமைக்கு அதற்குக் குறைந்து எடுக்கக்கூடாது என்பார். நான் பதிலுக்கு, ஜிம் கார்பெட் ருத்ரப்பிரயாகை சிறுத்தையை 1926இல் சுட்டது வெறும் .275 ரிக்பியால்தானே என்பேன். "அது கார்பெட் சார், நாம கார்பெட் இல்ல" என்று சிரிப்பார். நம் தமிழ்நாட்டுக் காடுகளைப் பற்றி நிறைய எழுதிய கென்னத் ஆண்டர்சனுக்கோ .405 வின்செஸ்டர்தான் உயிர். அவரவர் கைக்குப் பழகியதுதான் அவரவருக்கு உசத்தி. 1972 வனவிலங்குச் சட்டமும், மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸையும் நிறுத்திய 1991 திருத்தமும் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கடைசியாக வந்தபோது பெரியவர், "எண்ணெய் போட்டுத் துடைக்கிறதுதான் சார் இப்ப எனக்கு வேட்டை" என்றார்.

மூன்றாவது, தற்காப்பு. போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி .32 ரிவால்வருக்கு விண்ணப்பித்தார். வண்டன்மேடு ஏலத்துக்குப் பணத்தோடு மலை ஏறி இறங்குகிற ஆள். 'நல்ல காரணம்' இருந்தது. அறிக்கைகள் எல்லாம் வந்து, லைசென்ஸ் கிடைத்து, துப்பாக்கியும் வாங்கிவிட்டார். மூன்று வருஷம் கழித்துப் புதுப்பிக்க வந்தபோது, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பணத்தைக் காப்பாத்த இதை வாங்கினேன். இப்ப இதைக் காப்பாத்த ஒரு பீரோ, பீரோ சாவியைக் காப்பாத்த என் சம்சாரம். பஸ்ல போனா எவன் கை வைப்பானோன்னு இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே போறேன். இருக்குன்னு ஊருக்கே காட்டிக் கொடுத்துருது" என்றார். தேர்தல் அறிவித்தால் எல்லோரும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்த ஒன்றரை மாதம்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றும் சொன்னார்.

இனி, நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று.

மலையடிவாரக் கிராமம் ஒன்றில், இருபத்தைந்து வருஷம் ஒழுங்காக லைசென்ஸ் புதுப்பித்த ஒரு விவசாயி இறந்துபோனார். ஒற்றைக் குழல் 12 போர். சட்டப்படி அது காவல் நிலையத்துக்குப் போனது. மகன் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டார். நிலம் காட்டை ஒட்டியது. இரண்டு ஏக்கர் கடலை. பன்றித் தொல்லை உண்மை. தாசில்தார் அறிக்கை சாதகம். போலீஸ் அறிக்கையில் வழக்கு எதுவும் இல்லை. நான் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்த மனிதரின் அம்மா வந்தார்கள். கையில் மஞ்சள் பை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஐயா, அந்தத் துப்பாக்கிய எம் மகனுக்கு மாத்திக் குடுத்துறாதீங்க" என்றார்கள்.

"ஏம்மா?"

"குடிச்சா அவன் அவனா இருக்கமாட்டான். அவுங்க அப்பா இருந்தவரைக்கும் தோட்டாவ அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பாரு. போன மாசம் மருமக மேல அருவாளத் தூக்கிட்டான்."

இதை எழுதிக் கொடுங்கள், கோப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அந்த அம்மா பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "பெத்த பிள்ள மேல எப்படிங்கய்யா எழுதிக் குடுப்பேன்? நாளைக்கி நான் அவன் வீட்டுக் கஞ்சிதான குடிக்கணும்?"

வாய்வார்த்தை கோப்பில் ஏறாது. அறிக்கைகளோ சுத்தமாக இருக்கின்றன. இரண்டு நாள் அந்தக் கோப்பை மேஜையிலேயே வைத்திருந்தேன். பிறகு ஒரு வரி எழுதினேன்: மற்ற வாரிசுதாரர்கள் அனைவரின் சம்மதக் கடிதமும் பெறப்பட வேண்டும். முறைப்படி சரியான கேள்விதான். அம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் கடிதம் போனது. மூன்று பேரும் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. கோப்பு அப்படியே நின்றது.

மகன் ஐந்தாறு முறை வந்தார். கடைசி முறை என் மேஜையைத் தட்டி, "என் கடலையப் பன்னி தின்னுட்டுப் போகுது, நீங்க பேப்பரத் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க" என்று கத்தினார். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. அடுத்த வருஷம் அவர் கடலையை விட்டுவிட்டுத் தென்னை வைத்தார். பலன் வரும்வரை வட்டிக்கு வாங்கித்தான் குடும்பம் ஓடியிருக்கிறது. அது நான் எழுதிய ஒரு வரியால் வந்த நஷ்டம். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த அம்மா பல வருஷம் இருந்து, தன் கட்டிலில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். மருமகள் நன்றாக இருக்கிறார். துப்பாக்கி கிடைத்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காமல் போயிருக்கலாம். யார் கண்டார்கள்? நான் செய்தது சரியா என்று இன்றும் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் மறுபடி அந்தக் கோப்பு வந்தால் அதே வரியைத்தான் எழுதுவேன்.

2023 மே மாதம் 27ஆம் தேதி. அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள் வந்த நாளை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 144 போட்டார்கள். நாங்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு மொட்டைமாடியில் நின்றோம். இரண்டு வீடு தள்ளி ஒருவரிடம் லைசென்ஸுள்ள இரட்டைக் குழல் 12 போர் இருக்கிறது. போனில் கூப்பிட்டு, "அண்ணே, எடுத்து வெச்சுக்கவா? எல்.ஜி. ரெண்டு கிடக்கு" என்றார். "தம்பி, அதால யானை சாகாது. கோபம்தான் வரும். அப்புறம் நம்ம தெரு இருக்காது. பூட்டி வைங்க" என்றேன். பூட்டி வைத்துவிட்டார். அன்று ஊரில் ஒரு மனிதர் அடிபட்டு, பிறகு இறந்துபோனது பெரிய துயரம். ஜூன் 5 விடிகாலையில் சின்னமனூர்ப் பக்கம், சண்முகநதி அணை அருகே மயக்க ஊசியைத் துப்பாக்கியால் செலுத்தி அதைப் பிடித்தார்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

இப்போது பேரனுக்குப் பதில். பயிருக்கு என்றால் 12 போர், அதுவும் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு. வேட்டைக்கு எதுவும் வேண்டாம், அந்தக் காலம் முடிந்தது. தற்காப்புக்கு என்றால் .32. ஆனால் வாங்குமுன் வீட்டில் இருக்கிற எல்லோரின் முகத்தையும், முதலில் உன் முகத்தையும், கோபம் வந்த நேரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள். இவ்வளவும் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "தாத்தா, இதுல எது பெஸ்ட்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே" என்கிறான்.

லைசென்ஸ் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் காலம் ஐந்து வருஷம். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள். அரிசிப் பானையானாலும் பரவாயில்லை.