போர்க்களத்துப் பால பாடம்

விளையாட்டு உடலுக்கு உரந் தருவது மட்டுமன்று; ஆடுவோன் மனத்தை உள்ளவாறு காட்டும் கண்ணாடியுமாம். கால்பந்தும் ஹாக்கியும் ஆடும் சகோதரர் இதனை நன்கறிவர். ஆயின், அறைக்குள் அமர்ந்து கணினியின் முன் ஆடும் ஆட்டமும் அவ்வாறே மனிதனைச் சோதிக்கும் என்று யாம் கூறின், நம் கல்லூரிப் பெரியோருட் சிலர் புன்னகை புரியக்கூடும். அப்புன்னகைக்கு அஞ்சாது, எம் அநுபவத்தைப் புதிதாய் ஆடப் புகும் மாணவர்க்கு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

யாம் ஆடுவது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் ஆட்டம். பிளிஸார்ட் என்னும் அமெரிக்கக் கம்பெனியார் இதனை 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். பல தேசத்தாரும் இணையத்தின் வாயிலாக ஒரே காலத்தில் அஸெரோத் என்னும் கற்பனையுலகிற் புகுந்து, அலையன்ஸ், ஹோர்ட் என்னும் இரு கட்சிகளுள் ஒன்றைச் சார்ந்து ஆடுவர். வாளேந்தும் வாரியர், மாயம் புரியும் மேஜ், மறைந்து தாக்கும் ரோக், காயம் ஆற்றும் பிரீஸ்ட் எனத் தொடக்கத்தில் 9 வகையினர் இருந்தனர். 2022-ஆம் ஆண்டில் அவ்வகை 13 ஆயிற்று. இவ்வுலகில் டிராகன்களையும் அரக்கரையும் எதிர்ப்பது ஒருவகைப் போர். அங்கே பகைவனை நடத்துவது இயந்திரமாதலின், அதன் போக்கை மனப்பாடஞ் செய்துவிடலாம். மனிதரை மனிதர் எதிர்ப்பது மற்றொரு வகை. அங்கே எதிரில் நிற்பவனும் நம்மைப் போலவே சிந்திப்பான், ஏமாற்றுவான், தன் பிழையினின்று கற்பான். யாம் கூறப் புகுந்தது இவ்விரண்டாம் போரைப் பற்றியே.

வாரியராக முதன்முதல் களம் புகுந்த நாளில் யாம் எத்தனை முறை மாண்டோம் என்பதை எண்ணவும் இயலவில்லை. அதற்குக் காரணம் எம் விரல்களே. திரையிலுள்ள பொத்தான்களை ஒவ்வொன்றாய்த் தேடி மௌஸால் அழுத்தினோம். திரும்புதற்கும் விசைப்பலகையையே நம்பினோம். எம் வீரன் திரும்பி முடிப்பதற்குள் பகைவன் எம் முதுகுப்புறம் சென்றுவிடுவான். முதுகுக்குப் பின் நிற்பவனை வாளால் வெட்டவும் இயலாது. ஆதலின் முதற் பாடம் இது: அடிக்கடி வேண்டும் ஆற்றல்களுக்கு விரலெட்டும் விசைகளை அமைத்துக்கொள்க, மௌஸால் திரும்புக, ஓரிடத்தில் மரம்போல் நில்லாது, நகர்ந்துகொண்டே போரிடுக. நண்பர் ஒருவரைத் தனிப்போருக்கு அழைத்து இதனைப் பழகலாம். அதில் தோற்றவன் மாளுவதில்லை. உயிர் ஊசலாடும் நிலையிற் போர் தானே நின்றுவிடும்.

இரண்டாவது பாடம், எதிரியின் தொழிலை அறிதல். மேஜ் ஒருவன் நம் பகைவர்களுள் ஒருவனை அன்றி நம்மையே செம்மறியாடாக மாற்றிவிட வல்லவன். ஆடாய்த் திரிபவன் ஒன்றுஞ் செய்ய இயலாதெனினும், அவன் காயம் விரைவில் ஆறிவிடும். சிறு அடி பட்டாலும் மாயம் கலைந்துவிடும். நம் மேஜ் ஒருவனை ஆடாக்கி வைத்திருக்க, யாம் பெருமகிழ்ச்சியுடன் ஓடிச்சென்று அவ்வாட்டை வெட்டினோம்! கட்டுண்டிருந்த பகைவன் காயமெல்லாம் ஆறியவனாய் எழுந்து எம்மையே வீழ்த்தினான். தோழன் கட்டிவைத்த ஆட்டைத் தொடாதிருப்பதும் வீரத்தின் ஒரு கூறே என்பதை அன்று உணர்ந்தோம்.

மூன்றாவது பாடமே எமக்கு மிகக் கடினமாயிருந்தது. இப்போரில் பகைவன் நம்மை மயங்கச் செய்வான். அஞ்சி ஓடச் செய்வான். நம் விசைகள் யாவும் பயனற்றுப்போகும். அக்கட்டை அறுக்க மெடாலியன் ஒன்று உண்டு. ஆனால் ஒருமுறை பயன்படுத்தினால் இரண்டு நிமிடம் கழிந்தே அது மீண்டும் உதவும். புதியவனோ முதல் மயக்கத்திலேயே பதறி அதனைச் செலவிட்டுவிடுவான். தேர்ந்த பகைவன் அதற்கெனவே காத்திருந்து, இரண்டாங் கட்டைப் பூட்டி அவனைக் கொல்லுவான். ஒரேவகைக் கட்டை ஒருவன்மேல் அடுத்தடுத்து இடின், அதன் காலம் வரவரக் குறுகி இறுதியிற் பலியாதொழியும். இதனை அறிந்தவன் உயிருக்கு உடனே ஆபத்தில்லாத கட்டைப் பொறுத்துக்கொள்வான். கை கட்டுண்ட போது மனம் பதறாதிருக்கப் பழகுதலே இதன் சாரம்.

மந்திரம் ஓதுவோர்க்கும் ஒரு சொல். ஓதிக்கொண்டிருக்கையில் பகைவன் தடுப்பானாகில், அம்மந்திரம் முறிவதோடு அவ்வகை மந்திரங்கள் யாவும் சில வினாடி பூட்டுண்டுபோம். ஆதலின் ஓதத் தொடங்குவதுபோல் தொடங்கிச் சட்டென்று நிறுத்துக; பகைவன் தன் தடுப்பை வெறுமையில் வீணாக்குவான்; பின்னர் அச்சமின்றி ஓதலாம். தூணுக்கும் சுவருக்கும் பின்னே ஒதுங்குதலையும் இழிவென்று கருதற்க. கண்ணுக்குப் புலப்படாதவன்மேல் மந்திரம் ஏவ இயலாது.

இனி, எம்மை நாணச் செய்த நிகழ்ச்சியைக் கூறுவோம். வார்சாங் கல்ச் என்பது 2005-ஆம் ஆண்டில் இவ்வாட்டத்திற் சேர்ந்த களம். பக்கத்துக்குப் பதின்மர் நின்று, எதிரியின் கொடியைக் கவர்ந்து தம் கோட்டைக்குக் கொணர வேண்டும். மும்முறை கொணர்ந்தவர் வென்றோராவர். ஆயின், தம் கொடி தம் இடத்தில் இல்லாதவரை, கொணர்ந்த கொடி கணக்கிற் சேராது. அன்றிரவு இருபாலாரும் இரண்டிரண்டு முறை கொணர்ந்திருந்தோம். மூன்றாம் முறைக்கு அவர் கொடி எம்மவரிடமும், எம் கொடி அவரிடமும் சிக்கியிருந்தன. எம் கொடி தாங்கியைக் காத்து நின்றவர் விடுதியில் எம் அடுத்த அறை நண்பர், பிரீஸ்டாக ஆடுபவர். "பின்னால் இரண்டு ரோக், உடனே வா" என்று அவர் அழைத்தார். யாமோ, எம்மை இருமுறை கொன்ற ஒரு வில்லாளியை நடுக்களத்தில் துரத்திக்கொண்டிருந்தோம். அவனைக் கொன்றோம், களித்தோம். அதற்குள் நண்பர் வீழ்ந்தார், கொடி தாங்கியும் வீழ்ந்தான், ஆட்டம் முடிந்தது. இறுதிப் பட்டியலில், பகைவரைக் கொன்றோர் வரிசையில் எம் பெயரே முதலில் நின்றது. தோற்ற கட்சியின் முதற்பெயர்! அந்நாணம் சினமாகி, ஏனையோர் செவிபட, "உன்னால்தான் தோற்றோம்" என்றோம். நண்பர் மறுமொழி கூறாது விலகினார். பதினொரு நாள் உணவுக்கூடத்தில் எம் அருகே அமரவில்லை.

அந்நாட்களில், சினத்தாலோ பிடிவாதத்தாலோ, யாமே ஒரு பிரீஸ்டைப் புதிதாய்த் தொடங்கினோம். பத்தாம் படியை எட்டி அதே களம் புகுந்தபோதுதான் உண்மை புலனாயிற்று. காயம் ஆற்றுவோன் கண்கள் பிறருடைய உயிர்க்கோடுகளிலேயே பதிந்திருக்கும். தன் முதுகை அவன் காணான். அதனைக் காண வேண்டியவன் தோழனே. யாமும் அன்று அழைத்தோம், அறியாத வாரியர் ஒருவர் நடுக்களத்தில் எவனையோ துரத்திக்கொண்டிருந்தார், ஒருவரும் வரவில்லை.

அன்றிரவே நண்பரின் அறைக்குச் சென்று, "தவறு என்னுடையது" என்றோம். அவர் சிறிது நேரம் எம்மை நோக்கியிருந்து, "முதலில் சாப்பிடுவோம்; பிறகு ஆடலாம்" என்றார்.

ஆதலின் புதிய வீரர்காள், இதனை நினைவிற் கொள்க. கொடியருகே போரிடுக, நடுக்களத்துப் புகழை நாடற்க. முதலில் பகைவரின் பிரீஸ்டைத் தேடுக. அதற்கும் முன்னே நம் பிரீஸ்ட் எங்கே நிற்கிறார் என்று பார்க்க. தோற்ற பின் பட்டியலில் நும் பெயர் எங்கே நிற்கிறது என்று தேடுமுன், யாரேனும் நும்மை அழைத்தனரா, நீவிர் சென்றீரா என்று நும்மையே கேட்டுக்கொள்க. வாளும் மாயமும் சின்னாளிற் கைவரும். அழைப்புக்குத் திரும்பும் பழக்கமே கைவர நாளாகும்.