விட்டுக்கொடுத்ததில் விளைந்த இசை

இருவேறு மரபுகளைச் சேர்ந்த இசைக்கலைஞர்கள் ஒரே மேடையில் கூடும்போது, ஒவ்வொருவரும் தமக்குப் பேர் வாங்கித் தந்த வித்தையைக் கொண்டுவந்து இறக்குவதும், அவை மாறி மாறி ஒலிப்பதைக் கேட்டு அவையோர் கைதட்டிக் கலைவதும் வழக்கமாகிவிட்டன. அத்தகைய கூட்டு முயற்சிகளுள் பெரும்பாலானவை நினைவில் தங்காமற்போவதற்குக் காரணம், கூடியவர்களுள் எவரும் தம் கைம்முதலில் ஒரு பங்கையேனும் விட்டுக்கொடுக்க முன்வராமையே எனலாம். 2021 மார்ச் மாதத்தில் லுவாகா பாப் என்னும் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘பிராமிஸஸ்’ என்னும் படைப்பு, ஒன்பது பகுதிகளாக ஏறத்தாழ 46 நிமிடம் நீள்வது, இவ்வழக்கத்துக்கு மாறான பாதையில் சென்றதனாலேயே தனித்து நோக்கத்தக்கதாகிறது. முதுபெரும் ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஃபரோ சாண்டர்ஸ், ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ்’ என்னும் மேடைப்பெயரால் அறியப்படும் மின்னணு இசைக்கலைஞர் சாம் ஷெப்பர்ட், லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவின் தந்தி இசைப் பிரிவினர் ஆகிய முத்தரப்பினரும் தத்தம் புகழுக்குக் காரணமானவற்றுள் ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டே இதனை ஆக்கினர்.

சாண்டர்ஸ் 1940இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் பிறந்தவர். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் வந்து சேர்ந்து, தங்க இடமின்றியும் கைச்செலவுக்கு ரத்தத்தை விற்றும் காலந்தள்ளிய அவர், அப்பத்தாண்டின் நடுவில் ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் இடம்பெற்றார். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி, எழுதி வைத்ததை வாசிப்பதைக் காட்டிலும், ஒரு மெட்டையோ சுர அடுக்கையோ பற்றுக்கோடாகக் கொண்டு அந்தந்த நொடியில் கற்பனையாக வாசிப்பதை உயிராகக் கொண்ட மரபு. அக்காலத்தில் அதன் ஒரு கிளை மெட்டு, தாளக்கட்டு ஆகிய கட்டுகளையும் தளர்த்திக்கொண்டு ‘ஃப்ரீ ஜாஸ்’ எனப் பெயர் பெற்றது. 1965 ஜூனில் பதிவான கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’ அக்கிளையின் பெரும் படைப்புகளுள் ஒன்று. அதில் ஊதிய இளைஞர்களுள் சாண்டர்ஸும் ஒருவர். கோல்ட்ரேன் 1967இல் மறைந்த பின்னர் தனிப்பெயரில் அவர் வெளியிட்ட தட்டுகளுள் 1969ஆம் ஆண்டின் ‘கர்மா’ புகழ்பெற்றது. அதன் முதற்பாடல் அரை மணி நேரத்துக்கும் மேலாக நீள்வது.

அவருடைய புகழின் அடித்தளம் அவர் எழுப்பிய ஒலியின் முரட்டுத்தனமாகும். சாக்சபோன் பித்தளையால் ஆனதெனினும் அதன் ஒலி பிறப்பது ஊதுமுனையில் இறுக்கிக் கட்டப்பட்ட நாணல் பட்டையில். நாகசுரத்தின் சீவாளியில் எதிரெதிரான இதழ்கள் ஒன்றோடொன்று மோதி அதிர, சாக்சபோனில் ‘ரீட்’ எனப்படும் ஒற்றைப் பட்டையே ஊதுமுனையின் மீது அதிர்கிறது. உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் கூட்டி, வழக்கத்தில் இல்லாத விரலடைப்பால் குழலின் இடைப்பட்ட துளையொன்றைத் திறந்துவிட்டால், உள்ளிருக்கும் காற்று ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களில் அதிரத் தொடங்கும். ஒற்றைச் சுரத்துக்கென வடிவமைக்கப்பட்ட கருவியில் இவ்வாறு பல்சுரத்தை வரவழைக்கும் உத்தியைப் பிறரும் கையாண்டனராயினும், அதனை அலறலாகவும் பிளிறலாகவும் மந்திர உச்சாடனமாகவும் மாற்றி, நிமிடக்கணக்கில் தாங்கிப் பிடிக்கும் நெஞ்சுரம் சாண்டர்ஸுக்கே வாய்த்திருந்தது.

அதே சாண்டர்ஸுக்கு மற்றொரு முகமும் உண்டு. கோல்ட்ரேனின் துணைவியாரும் யாழிசைக் கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்னும் தட்டில், தம்பூராவின் இடையறாத ஆதார சுருதிக்கு மேலே சாண்டர்ஸ் சொப்ரானோ சாக்சபோனை அடங்கிய குரலில் வாசித்திருக்கிறார். அத்தட்டின் தலைப்பில் இடம்பெற்றவர், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்கா சென்று, 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கி வைத்துப் பேசிய சுவாமி சச்சிதானந்தர். ஆலிஸ் அவரைக் குருவாகக் கொண்டிருந்தார். மாறாத ஓர் ஒலியைத் தரையாகப் பாவித்து அதன்மேல் அவசரமின்றி நடைபயிலும் பழக்கம் இவ்வாறு அரை நூற்றாண்டுக்கு முன்னரே சாண்டர்ஸிடம் குடிகொண்டிருந்தது என்பதை மனத்திற்கொண்டால், பிற்காலத்தில் ஒரு மின்னணு இசைக்கலைஞரோடு அவர் கைகோத்தது வியப்பாகத் தோன்றாது.

1986இல் மான்செஸ்டரில் பிறந்த ஷெப்பர்ட், அந்நகரப் பேராலயத்தின் சிறுவர் பாடகர் குழுவிலும் சேத்தம்ஸ் இசைப்பள்ளியிலும் முறையான பயிற்சி பெற்றவர். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வலியைப் பற்றிய நரம்பியல் ஆய்வுக்காக முனைவர் பட்டமும் பெற்றவர். எனினும் அவருக்குப் பேர் கிடைத்தது நடன விடுதிகளில் தட்டுகளைச் சுழற்றிக் கூட்டத்தை ஆடவைக்கும் டிஜேயாகவும், சிந்தசைசர் இசையை ஆக்குபவராகவுமே ஆகும். சிந்தசைசர் என்பது மின்னோட்டத்தின் அலைவுகளை நேரடியாக ஒலியாக மாற்றும் கருவி. அதற்கு மூச்சு முட்டுவதில்லை, கை சலிப்பதில்லை, ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அது பிடித்து நிற்கும். 2015இல் வெளியான அவருடைய ‘இலேனியா’ என்னும் தட்டைக் கேட்டுச் சாண்டர்ஸ் விருப்பங்கொண்டதே இருவரும் சந்திப்பதற்கு வழிவகுத்தது.

ஜாஸ் சாக்சபோன் தந்தி இசைக்குழுவோடு சேர்வது புதிதன்று. 1949 இறுதியில் சார்லி பார்க்கர் வயலின் குழுவின் துணையோடு பதிவு செய்த பாடல்களில், குழு மெத்தென்ற பின்னணியை விரிக்க, அவர் அதன்மேல் மின்னலாகப் பாய்ந்து செல்கிறார். 1961இல் பதிவான ‘ஃபோகஸ்’ தட்டில் இசையமைப்பாளர் எடி சாட்டர் தந்தி இசைக்கான பகுதிகளை முழுமையாக எழுதிவிட்டு, சாக்சபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுக்கென எதையும் எழுதாமல் விட்டார். கெட்ஸ் கேட்டுக் கேட்டே தம் வழியை அமைத்துக்கொண்டார். லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுக்கும் இவ்வகையில் முன்னனுபவம் உண்டு. ஃப்ரீ ஜாஸின் முன்னோடியான ஆர்னெட் கோல்மன் 1972இல் ‘ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா’ என்னும் தம் படைப்பை அக்குழுவைக் கொண்டே பதிவு செய்தார். தம் நால்வர் குழுவையும் அதில் சேர்க்க எண்ணியிருந்த அவருக்கு, பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் விதிகள் குறுக்கிட்டதால் தாம் மட்டுமே ஆல்டோ சாக்சபோனுடன் வாசிக்க நேர்ந்தது. இம்மூன்றிலும் முதலிரண்டில் சாக்சபோன் முன்னே நிற்க, மூன்றாவதில் ஆர்கெஸ்ட்ராவின் பெருந்திரளுக்கு எதிரே அது தனியாகப் போராடுகிறது. யார் முன், யார் பின் என்னும் கேள்வி மூன்றிலும் தீராமலே இருக்கிறது.

‘பிராமிஸஸ்’ அக்கேள்வியைக் கடக்கும் வழி அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஏழு சுரங்கள் கொண்ட ஒரு சிறு சுரக்கோவையைப் பியானோ, தந்தியைச் சுண்டி ஒலியெழுப்பும் பழங்காலக் கருவியான ஹார்ப்சிகார்ட், உலோகத் தகடுகளைத் தட்டி மணியொலி தரும் செலஸ்டா ஆகியவற்றைக் கொண்டு ஷெப்பர்ட் வாசிக்கிறார். சில நொடி இடைவெளி விட்டு அதையே மீண்டும் வாசிக்கிறார். ஏறத்தாழப் படைப்பு முழுவதும் அது இவ்வாறே திரும்பத் திரும்ப வருகிறது. அக்கோவை பாட்டாக வளர்வதுமில்லை, முடிவுக்கு வருவதுமில்லை; கேள்வியொன்று கேட்கப்பட்டு விடைக்குக் காத்திருப்பதாக அதன் கடைசிச் சுரம் தொங்கி நிற்கிறது. அதனை அடுத்து வரும் வெற்றிடமே படைப்பின் மையம். முத்தரப்பினரும் அவ்வெற்றிடத்தையே பகிர்ந்துகொள்வதால், ஒருவருக்கு மற்றவர் பக்கவாத்தியம் என்னும் நிலை எழுவதில்லை.

இவ்வமைப்புக்காக ஒவ்வொரு தரப்பும் கொடுத்த விலை சிறிதன்று. டிஜே என அறியப்பட்டவர் தாளத்தை அறவே துறந்தார். இப்படைப்பில் முரசொலி இல்லை, காலைத் தூக்கவைக்கும் துடிப்பும் இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் முழக்கத்தால் உலகெங்கும் கேட்கப்பட்ட ஆர்கெஸ்ட்ரா, ஊதுகருவிகளும் முழவுகளும் இன்றித் தந்தி இசைப் பிரிவோடு மட்டும் வந்து, அதிலும் பெரும்பகுதி நேரம் கேட்கும் எல்லையின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. எல்லாவற்றினும் பெரிய விட்டுக்கொடுப்பு சாண்டர்ஸுடையது. கோல்ட்ரேனோடு வாசித்த நாள்முதல் அவருக்கு ஊன்றுகோலாக இருந்த டிரம்ஸும் பாஸும் சேர்ந்த தாளப் பிரிவும் இங்கில்லை. இளமையில் அவரை அடையாளப்படுத்திய அலறலும் நெடுநேரம் தலைகாட்டுவதில்லை.

அவர் எதைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பினார் என்பதை அருகிருந்து கேட்கும் வகையில் பதிவு அமைந்திருக்கிறது. சுரம் தொடங்குமுன் காற்று மட்டும் குழலுக்குள் புகும் ஓசையும், சுரம் முடிந்த பின்னரும் ஓய்வதற்கு நேரமெடுக்கும் மூச்சும் மறைக்கப்படவில்லை. சிறு சொற்றொடர் ஒன்றைச் சொல்கிறார், நிறுத்துகிறார், சுரக்கோவை இருமுறையோ மும்முறையோ கடந்து செல்ல விட்டுவிட்டு, விட்ட இடத்துக்கு அண்டையிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். நான்காம் பகுதியில் கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பொருளற்ற அசைகளைத் தம் குரலாலேயே முணுமுணுக்கிறார். ஆறாம் பகுதியில் தந்தி இசை தாழ்ந்த நிலையிலிருந்து எழுந்து பேரலையாகப் பெருகி அடங்குகிறது. ஏழாம் பகுதியில் சாண்டர்ஸின் பழைய பல்சுர முழக்கம் சிந்தசைசர்களின் சுழற்சிக்கு நடுவே வெளிப்படும்போது, அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்ததே அதற்கு எடை சேர்க்கிறது. தொடக்கத்திலேயே முழங்கியிருப்பாராயின் அது பழகிய வித்தையாகவே கேட்டிருக்கும்.

இப்படைப்பு குறையற்றதெனக் கூறிவிட முடியாது. ஒரே சுரக்கோவையின் முடிவற்ற வரவு, கூர்ந்து கேளாதவருக்கு வேலைக்கிடையே ஓடவிடும் பின்னணி இசையாகத் தேய்ந்துவிடக்கூடும். ஆறாம் பகுதியின் எழுச்சியில் திரைப்பட இசையின் சாயல் இருப்பதாக ஒருவர் குறை கூறினால் அதனை முற்றிலும் மறுப்பதற்கில்லை. மூவரும் ஒரே அறையில் கூடி வாசித்ததுமில்லை. சாண்டர்ஸின் பகுதிகள் 2019ஆம் ஆண்டுக் கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவாயின. தந்தி இசை அடுத்த ஆண்டு பெருந்தொற்றுக்கு நடுவே லண்டனில் பதிவாயிற்று. அதாவது, ஒரு முதியவர் முன்பே விட்டுச்சென்ற மூச்சுக்கு ஆர்கெஸ்ட்ரா பின்னர் விடையிறுத்தது; அவர் அதற்கு மறுமொழி கூற வழியில்லை. உடனுக்குடனான உரையாடலே ஜாஸ் எனக் கொள்வோருக்கு இது பெருங்குறை. ஆயினும் எழுதி வைத்ததை வாசிக்கும் ஒரு குழு, எழுதப்படாத ஒன்றை இவ்வளவு பொறுமையாகப் பின்தொடர்வதற்கு அக்கால இடைவெளியே துணைசெய்திருக்கிறது என்றும் வாதிடலாம்.

சாண்டர்ஸ் 2022 செப்டம்பர் 24 அன்று, தம் 81ஆம் வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். இப்படைப்பு முதன்முறையாக மேடையேறியது அடுத்த ஆண்டு செப்டம்பரில், அதே நகரின் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில். சாண்டர்ஸின் இடத்தில் பிரித்தானியக் கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸ் சாக்சபோன் வாசித்தார். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதப்பட்ட தாள்கள் இருந்தன; சுரக்கோவையும் எவரும் அறிந்ததாயிற்று; சாக்சபோனுக்கு மட்டும் எழுத்தில் எதுவும் இல்லை, முன்னவர் வாசித்த பதிவே இருந்தது. அப்பதிவை அப்படியே படியெடுப்பது படைப்பின் இயல்புக்கே மாறாகும். தனித்திறனைக் காட்டும் முழக்கமாகச் சாண்டர்ஸ் அவ்விடத்தை நிரப்பியிருந்தால் அவருக்குப் பின் வருபவர் அவரைப் பார்த்து வாசிப்பதையன்றி வேறு வழியறியார். அவரோ தாம் பேசிய அளவுக்குப் பேசாமலும் விட்டுச்சென்றதால், அடுத்தவர் தம் சொந்த மூச்சோடு அங்கே நுழைய முடிந்தது. ஒரு கூட்டு முயற்சி தன்னை ஆக்கியவர்களைக் கடந்தும் நிலைக்குமா என்பதை, அதில் ஒவ்வொருவரும் பிறருக்காக எவ்வளவு இடம் ஒழித்து வைத்தனர் என்பதைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். அவ்வளவுகோலின்படி இம்முத்தரப்பினரின் கணக்கில் மிகுதியாக ஈந்தவர் மூவரிலும் மூத்தவரே.