துடைக்க முடியாத தூசி

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை எவ்வாறு அளப்பது? அளந்து அறிந்தபின் நாம் செய்ய வேண்டியது என்ன? ஆசிரியர் ஒருவரின் வகுப்பறை அனுபவம் இக்கேள்விகளை எழுப்புகிறது.

எண்ணூருக்கு அருகிலுள்ள பள்ளியொன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலம் அது. காலையில் மேசைகளைத் துடைப்பதே மாணவர்களின் முதல் வேலை. துணி கறுத்துவிடும். துடைத்துவிட்டால் தூய்மையாகிவிடும் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

அவ்வெண்ணத்தைத் திருத்தியவர் இயற்பியல் ஆசிரியர். "ஐயா, துணியில் படியும் பெருந்துகளை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். நாம் அஞ்ச வேண்டியது நுண்துகளுக்கே" என்றார். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுடைய அத்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லது. அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரியும்போது சாம்பலுடன் கந்தக டைஆக்சைடு வாயுவும் வெளியேறுகிறது. அவ்வாயு காற்றில் கலந்து செல்லும் வழியிலேயே சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. அதனால் புகைபோக்கியைக் கண்டறியாத ஊர்களும் அதன் புகையைச் சுவாசிக்கின்றன.

இதனை வகுப்பில் கூறியபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்கள் தெருவில் அளக்கும் கருவியே இல்லையே, ஐயா! எங்கள் காற்றை யார் அளப்பார்கள்?" என்றாள். என்னிடம் விடையில்லை. மறுநாள் இயற்பியல் ஆசிரியரையே வகுப்பிற்கு அழைத்துவந்தேன்.

அவர் வானத்திலிருந்து தொடங்கினார். 1999இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா ஆகிய செயற்கைக்கோள்கள், புவியிலிருந்து திரும்பிவரும் சூரிய ஒளியைப் பதிவு செய்கின்றன. காற்றில் மிதக்கும் துகள்கள் அவ்வொளியைச் சிதறச் செய்கின்றன, உறிஞ்சவும் செய்கின்றன. அந்த மாற்றத்தைக் கொண்டு துகள்களின் அளவைக் கணிக்கலாம். ஆனால், செயற்கைக்கோள் காண்பது தரைமுதல் வான்வரையுள்ள காற்று முழுவதையும். நாம் சுவாசிப்பதோ தரையை ஒட்டிய காற்றை. எனவே ஈரப்பதம், காற்றடுக்கின் உயரம், தரைக்கருவிகளின் அளவீடு ஆகியவற்றுடன் இணைத்தே நுண்துகளின் அளவு மதிப்பிடப்படுகிறது. மேகம் மூடிய நாளில் அம்மதிப்பீடும் இயலாது.

ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டின் வரம்பு. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 5 மைக்ரோகிராம்.

"அப்படியானால் எங்கள் தெரு தெரியுமா?" என்றாள் அவள். "உங்கள் பகுதி தெரியும், தெருவைத் தனியே பிரித்துக் காட்டாது" என்றார் அவர். "எனில், தரையிலும் ஒரு கருவி வேண்டும்" என்று அவளே முடிவுரைத்தாள்.

அவ்வாரம் விண்ணப்பக் கடிதம் எழுதும் பயிற்சி. தம் பகுதியில் காற்றை அளக்கும் கருவி வேண்டியும், புகையிலுள்ள கந்தகத்தை நீக்கும் அமைப்புகளை ஆலைகளில் நிறுவ வேண்டியும் அவள் எழுதியிருந்தாள். இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தினேன். கோரிக்கையில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. வகுப்பு முழுவதும் கையொப்பமிட்டது. இறுதியில் நானும் இட்டேன்.