80 மடங்கு

கம்பி இழுக்க முடியாத இடங்களுக்கு ரேடியோ வைத்து லிங்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவர்களுடைய குடோனுக்கும் ஒரு லிங்க் போட்டேன். அந்த வேலையைத் தப்பாகச் செய்தேன். தப்பு என்று தெரிந்தே மூடி மறைத்தேன். அதற்கு வேறொருவர் பணம் கட்டினார்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மில் மாடியில் ஒரு டிஷ், குடோன் மாடியில் ஒரு டிஷ். ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். 30 டிபிஐ அளவுக்குக் குவித்துத் தரும் டிஷ்ஷின் கதிர் ஐந்து பாகை அகலம்தான் இருக்கும். மில் மாடியிலிருந்து பார்த்தால் ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் தெரிந்தது. அதையே குறியாக வைத்து டிஷ்ஷைத் திருப்பினேன். குடோன் இருந்ததோ கோபுரத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது அது கிட்டத்தட்ட எட்டு பாகை. முதன்மைக் கதிர் கோபுரத்துப் பக்கம் போய்விட, பக்கவாட்டில் கசியும் கிளைக்கதிரில்தான் குடோன் மாட்டியது.

கணக்குப்படி −62 டிபிஎம் சிக்னல் வந்திருக்க வேண்டும். வந்தது −79, அதைவிட மிகவும் பலவீனம். இதைப் பார்த்ததும் இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் புரிந்துவிடும். நட்டைத் தளர்த்தி டிஷ்ஷை மெல்லத் திருப்ப வேண்டும். சிக்னல் இன்னும் விழும். பயப்படாமல் அந்தப் பள்ளத்தைத் தாண்டித் திருப்பினால் உண்மையான உச்சம் கிடைக்கும். எதிர் மாடியில் ஒருவரை போனில் வைத்துக்கொண்டு செய்தால் அரைமணி நேர வேலை. அன்றைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மேனேஜர் கீழே காத்துக்கொண்டிருந்தார். நான் நட்டைத் தொடவில்லை, லேப்டாப்பைத் திறந்தேன்.

2018 அக்டோபரில் மத்திய அரசு, இந்த ரேடியோக்கள் ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதியை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை, டிஷ் குவித்துத் தருவதையும் சேர்த்து 36 டிபிஎம், அதாவது 4 வாட், உச்சவரம்பு. என் டிஷ்ஷே 30 தருவதால் ரேடியோவை 6 டிபிஎம்மில்தான் ஓட்டலாம். ரேடியோவின் அமைப்புகளில் ‘நாடு’ என்ற இடத்தில் இந்தியா என்று வைத்திருக்கும்வரை ரேடியோ தானாகவே அதற்குள் நிற்கும். நான் நாட்டை மாற்றினேன். பவரை 25-க்கு ஏற்றினேன். 19 டெசிபெல் கூடினால் 80 மடங்கு. சிக்னல் −60-க்கு வந்தது. லிங்க் பறந்தது. மேனேஜர் கையைப் பிடித்துப் பாராட்டினார், நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்த 80 மடங்கும் குடோனுக்கா போனது? முதன்மைக் கதிரோடு கோபுரத்தைக் கடந்து, கிருஷ்ணன்கோவில் பக்கம் போனது. அங்கே ஒரு கேபிள்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லிங்க் எடுத்து வீடுகளுக்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய டிஷ் பார்த்த திசையும் என் டிஷ் இருந்த திசையும் ஏறக்குறைய ஒன்று. சில நாளில் அவரே எனக்கு போன் செய்தார். வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள், வந்து பாருங்கள் என்றார்.

போய் ஸ்கேன் போட்டேன். பட்டியலில் முதலாவதாக, அவருடைய சிக்னலுக்கும் மேலே, மில்லுக்கு நான் வைத்த பெயர் நின்றது. அவர் பக்கத்தில்தான் இருந்தார். திரையில் அவருக்கு எதுவும் புரியவில்லை.

“என்ன அண்ணாச்சி, ரேடியோ போச்சா?”

“ஆமா தம்பி. போர்டு வீக் ஆயிருச்சு. மாத்திருங்க.”

தவணையில் புது ரேடியோ வாங்கினார். அதை மாட்டப் போவதற்கு முன்னால் ராஜபாளையம் மாடியில் ஏறி, டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி, நாட்டையும் பவரையும் பழையபடி வைத்தேன். −62 வந்தது. முதல் நாளே வந்திருக்க வேண்டிய எண். பிறகு கிருஷ்ணன்கோவில் போய்ப் புது ரேடியோவை மாட்டிக் கூலியும் வாங்கினேன். நல்ல ரேடியோ அமைந்தது என்று அவர் சந்தோஷப்பட்டார். பழையதை, உபயோகமில்லாதது என்று, என்னிடமே கொடுத்துவிட்டார். அதில் ஒரு பழுதும் இல்லை. இன்னொரு இடத்தில் மாட்டிக் காசாக்கினேன்.

என்னிடம் வேலை பழகும் பையன்களுக்குத் தேனிக் கதையைப் பெருமையாகச் சொல்வேன். மலைக்கு அந்தப் பக்கம், அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பரிசோதனை மையங்களோடு 2000-களின் நடுவில் வைஃபை லிங்க்குகளால் இணைத்தது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு. நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்திருக்க, தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். லைசென்ஸ் கட்டணம் இல்லாத அலை என்பதால்தான் அப்படி ஒன்று கட்டுப்படியாகிறது. அந்த அலையில் காவலுக்கு யாரும் நிற்பதில்லை. மாடியில் ஸ்பேனரோடு நிற்பவன் வரம்பை மதித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கண்மாய் மடையை ராத்திரியில் கூடுதலாகத் திறந்து, கடைமடை வயலைக் காயவிடுபவன் செய்வதைத்தான் நான் செய்தேன். காய்ந்த வயலுக்குப் போய், உன் மண் சரியில்லை என்றும் சொன்னேன்.

பவரை ஏற்றியதைக்கூட அவசரத்தில் செய்தது என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியும். ஸ்கேனில் என் பெயரைப் பார்த்த பிறகு சொன்ன பொய்க்கு எந்த அவசரமும் இல்லை. தொழில் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் மட்டும்தான்.

புது ரேடியோவின் விலை, பழையதை விற்ற காசு, அன்றைய கூலி, வாடிக்கையாளர்கள் கழித்துக்கொண்ட சந்தா எல்லாம் நான் அவருக்குத் தர வேண்டியவை. இன்னும் தரவில்லை. இந்த வாரம் கிருஷ்ணன்கோவில் போகிறேன். காசைக் கொடுப்பதற்கு முன்னால், அன்றைக்குத் திரையில் தெரிந்தது யாருடைய சிக்னல் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.